வறண்ட மண்ணின் கொழகொழப்பு

சர்க்கரை கூடிவிட்டது, கொழுப்பு கூடிவிட்டது என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இரண்டு கண்ணாடி டம்ளர்களை. ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் அதே அளவு தண்ணீரோடு ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் உமி. கலக்கி வைத்துவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்க ஆரம்பிப்பேன். எப்போது சாப்பிடுகிறார்கள், எத்தனை கரண்டிச் சோறு, காலில் மதமதப்பு உண்டா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார்கள். அதற்குள் டம்ளரில் வேலை நடந்துகொண்டிருக்கும். உலர்ந்த செதில்களாக மிதந்த உமியின் ஓரங்கள் முதலில் கண்ணாடி போலத் தெளியும். பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே இறங்கும். பத்து நிமிடத்தில் டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் சிந்தாது, கட்டியாக நகரும். அப்போது இரண்டு டம்ளரிலும் சில சொட்டு நன்னாரி சர்பத் விடுவேன். வெறும் தண்ணீரில் சர்பத் உடனே இறங்கிப் பரவி நிறமே மாறிவிடும். கொழகொழப்பில் விட்டது விட்ட இடத்திலேயே தயங்கி நிற்கும், பழுப்புக் கோடாக மெல்ல மெல்ல இறங்கும். "உங்க சிறுகுடல்ல இதுதான் நடக்கப்போகுது" என்பேன். இதைப் பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தின் கரிசல் ஓரத்தில் சித்த மருத்துவம் பார்க்கிறவள் நான். மழை பொய்த்துப் பொய்த்துப் பழகிய மண் இது. இங்கே முளைப்பதும், இதைவிட வறண்ட தார் பாலையில் முளைப்பதும், கடல் தாண்டி மெக்சிகோவில் முளைப்பதும் என் மருந்தறைக்கு ஏதோ ஒரு வழியில் வந்து சேர்கின்றன. இத்தனை காலம் அவற்றோடு புழங்கியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. பாலைச் செடிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிடைத்த தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கப் பசையை உண்டாக்குபவை ஒரு கூட்டம். தன்னை மேய வரும் வாய்க்குக் கசப்பையும் பிசினையும் காட்டுபவை இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தைச் சோற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கூட்டத்தின்மேல் கை வைக்குமுன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். ஊரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். கசப்பென்றால் ஓடிப்போய்க் குடிக்கிறார்கள். பசையைக் கண்டால் மலச்சிக்கலுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இசப்கோல் முதல் கூட்டத்தின் தலைமகன். முழங்கால் உயரம்கூட வராத செடி. குஜராத்தின் வடபகுதியிலும் ராஜஸ்தானின் ஜாலோர், பார்மேர், ஜெய்சால்மர் பக்கங்களிலும் குளிர்காலப் பயிராக விதைக்கிறார்கள். மெஹ்சானா மாவட்டத்து உஞ்ஜா ஊர்ச் சந்தையிலிருந்து உலகம் முழுக்கப் போகிறது. கதிர் முற்றும் நேரத்தில் ஒரு தூறல் விழுந்தாலும் போச்சு, கனத்த பனி இறங்கினாலும் போச்சு. விதை மேலிருக்கும் உமி ஈரத்தை உறிஞ்சி ஊதும், விதைகள் உதிர்ந்துவிடும். விவசாயிக்கு வயிற்றெரிச்சல் தருகிற அந்தக் குணம்தான் நமக்கு மருந்து. பாலையில் விதைக்குக் கிடைப்பது ஒரே ஒரு மழையாக இருக்கலாம். அந்த ஈரத்தைச் சுற்றிலும் கட்டிப்பிடித்துக்கொண்டால்தான் முளை பிழைக்கும். அப்படிப் பிடிக்கும் பசை நம் குடலிலும் தண்ணீரைப் பிடிக்கிறது, தண்ணீரில் கரைந்த சர்க்கரையையும் பிடிக்கிறது. சாப்பிட்ட சோறு சர்க்கரையாக மாறி ஒரே பாய்ச்சலில் ரத்தத்தில் ஏறாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது.

கொழுப்புக்கு அது செய்கிற வேலை வேறு. கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துத்தான் பித்தநீரின் அமிலங்களைச் செய்கிறது. வழக்கமாக அந்த அமிலங்களில் பெரும்பகுதியைக் குடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். பழைய சரக்கே சுற்றிச் சுற்றி வரும். இசப்கோல் பசை அதில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு மலத்தில் போய்விடுகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை இழுத்துப் புதிதாகப் பித்த அமிலம் செய்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் உமி எடுத்தால் எல்.டி.எல். நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறையும். 1998இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இசப்கோல் சேர்ந்த உணவுப் பொட்டலங்களின்மேல் இதயநோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று அச்சிட அனுமதித்ததும் இந்தச் சான்றுகளை வைத்துத்தான். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை நூற்றுக்கு 30, 40 என்று குறைக்கும். அந்த இடத்தை இசப்கோல் பிடிக்காது, பிடிக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதும் இல்லை. மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மாத்திரையின் வேலைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். இப்போதுதான் கொழுப்பு எல்லைக்கோட்டில் நிற்கிறது என்கிறவருக்கு உணவு மாற்றத்தோடு இதையும் சேர்த்து மூன்று மாதம் பார்க்கலாம்.

எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதில்தான் நான் ஆளோடு ஆளாக மல்லுக்கட்டுவது. நம் ஊரில் மருந்தென்றாலே விடியற்காலை, வெறும் வயிறு. போன மாதம் ஒரு பாட்டி கேட்டார், "வெறும் வயித்துல குடிச்சாத்தானே தாயி ஒடம்புல சேரும்?"

"இது ஒடம்புல சேரவே சேராது ஆத்தா. சோத்தோட கலந்து போயி, சோத்துல இருக்கிற சர்க்கரையைப் பிடிச்சு நிறுத்தும். சோறே இல்லாத நேரத்துல எதைப் பிடிக்கும், சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ராத்திரி சோத்துக்குத்தான் வேணும். பகல்ல கஞ்சிதானே குடிக்கிறேன்" என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்கு அவருக்கு வந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. எந்த வேளை அதிகச் சோறோ, இட்லியோ, இடியாப்பமோ அந்த வேளைக்குச் சற்று முன்னால், நிறையத் தண்ணீரோடு. இவ்வளவுதான் என் சீட்டு.

நிறையத் தண்ணீர் என்பதை நான் அழுத்திச் சொல்வேன், கூட வந்தவரிடமும் சொல்வேன். ஒரு மேசைக்கரண்டிக்கு ஒரு பெரிய டம்ளர் முழுக்க, அதற்குமேல் இன்னும் அரை டம்ளர். தண்ணீரில்லாமல் வாயில் கொட்டிக்கொண்டால் தொண்டையிலேயே ஊதிவிடும். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், உணவுக்குழாய் சுருங்கியவர்கள், குடலில் அடைப்பு வந்து அறுவை செய்துகொண்டவர்கள் இதைத் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதுவானாலும் அதற்கும் இதற்கும் இடையில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். இல்லாவிட்டால் பசை மாத்திரையையும் சேர்த்துக் கட்டிப்போடும். ஆரஞ்சுச் சுவை சேர்த்த டப்பாக்களை வாங்குமுன் பின்பக்கத்தைப் படியுங்கள். சர்க்கரை சேர்த்து விற்பவையும் உண்டு. சர்க்கரை நோய்க்கென்று அதை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

இசப்கோலுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டியது எங்கள் பக்கம் சீனியவரைக்காய் என்று சொல்கிற கொத்தவரை. ராஜஸ்தானத்து மணலில் ஆழமாக வேர்விட்டு, ஆவணி மழை ஒன்றை நம்பியே விளைகிறது. உலகத்துக் கொத்தவரை விளைச்சலில் மிகப் பெரும்பங்கு இந்தியாவுடையது. அதன் முற்றிய விதையிலிருந்து எடுக்கும் கோந்துக்கு, அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளில் தேவை கூடி 2012 வாக்கில் விலை எங்கேயோ போனது. பிரிட்டனில் டேவிட் ஜென்கின்ஸும் அவர் கூட்டாளிகளும் 1970களில் அதே கோந்தை உணவில் கலந்து கொடுத்து, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை எப்படித் தணிகிறது என்று காட்டினார்கள். உணவுக்கு உணவு சர்க்கரை ஏறும் வேகத்தை அளக்கும் கிளைசீமிக் குறியீட்டை 1981இல் வகுத்ததும் அந்த ஜென்கின்ஸ் குழுதான். ஆனால் பிஞ்சுக் கொத்தவரங்காய்ப் பொரியலில் இருப்பது அந்தக் கோந்தின் சிறு பங்குதான். பொரியல் நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள், அதை மருந்தென்று கணக்கில் எழுத வேண்டாம்.

வெந்தயத்தின் பசையும் கொத்தவரைக் கோந்தின் குடும்பமே. நம் நாட்டில் வெந்தயம் ராஜஸ்தானில் நிறைய விளைகிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர்.டி. சர்மாவும் உடன் ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளுக்கு 100 கிராம் கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரையும் இறங்கியது, கெட்ட கொழுப்பும் இறங்கியது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது அவர்கள் கொடுத்த விதம். மதியச் சாப்பாட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டிலும் கலந்து கொடுத்திருக்கிறார்கள். ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் மடக்கென்று விழுங்கிவிட்டு மூன்று மணி நேரம் கழித்து ஆறு இட்லி சாப்பிடுவது வேறு, இது வேறு. முழு விதையாக விழுங்கினால் பசை விதைக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். நான் சொல்வது இது: லேசாக வறுத்து, ரவைப் பதத்துக்கு உடைத்து, ராத்திரி மோரில் ஊறப்போட்டு, மறுநாள் மதியச் சாப்பாட்டில் அந்த மோரை ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து வயிறு பழகப் பழக இரண்டு, மூன்று வரை ஏற்றலாம். எடுத்தவுடன் அளவைக் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும், இரண்டே நாளில் விட்டுவிடுவார்கள்.

இந்தப் பசைக் கூட்டத்தின் அருமையை ஒரு சமூகமே உடம்பில் அனுபவித்து, பிறகு இழந்த கதை சோனோரா பாலையில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் கீலா ஆற்றங்கரையில் பீமா மக்கள், அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது போல அகிமெல் ஓதாம், வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்தவர்கள். இசப்கோலின் உறவுச் செடி ஒன்றின் விதையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் குடித்தார்கள். மெஸ்கீட் மரத்தின் காயை இடித்து மாவாக்கினார்கள். தெப்பாரி என்ற சின்னப் பயறு வகையைச் சமைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. பிறகு வந்தது அரசாங்கம் கொடுத்த வெள்ளை மாவும் பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில் அரிசோனா பீமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்குச் சர்க்கரை நோய். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் மலையூர்களில் பயறும் மக்காச்சோளமும் உண்டு, கையால் உழைத்து வாழும் அதே பூர்வீகத்தவரிடம் 6.9. வித்தியாசத்தில் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு, உணவு மட்டும் காரணமில்லை. ஆனாலும் கேரி நப்ஹானும் ஜென்னி பிராண்டும் சேர்ந்து 1990இல் அந்தப் பழைய உணவுகளைச் சோதித்தபோது, மெஸ்கீட், தெப்பாரி போன்றவை ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றின. மெஸ்கீட் விதையிலிருக்கும் பசையும் கொத்தவரைக் கோந்தின் இனம்தான்.

அந்த மெஸ்கீட், எங்கள் மாவட்டத்தைக் காடாக்கி, கரிமூட்டமாக எரியும் சீமைக்கருவேலத்தின் பங்காளி. ஆடுகள் அதன் இனிப்புக் காய்க்கு அலைவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதைச் சொன்னதும் உடனே சீமைக்கருவேலங்காயை இடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். அவர்கள் மரம் வேறு இனம். எதைப் பறிப்பது, எந்தப் பக்குவத்தில் உலர்த்துவது என்ற அறிவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. அந்த அறிவு இல்லாமல் மரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இதே எச்சரிக்கை கள்ளிக்கு இன்னும் பலமாகப் பொருந்தும். மெக்சிகோக்காரர்கள் நொப்பால் என்று சப்பாத்திக்கள்ளியின் இளமடலைக் காய்கறியாகச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள். மெக்சிகோ நகரத்தின் தென்கோடியில் மில்பா ஆல்தா என்ற இடமே அதற்குப் பேர்போனது. சுட்ட மடல் 500 கிராம் கொடுத்தபோது சர்க்கரை நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை இறங்கியதை அந்நாட்டு மருத்துவர்கள் 1988இல் பதிவுசெய்தார்கள். வழக்கம்போல அங்கேயும் கொழகொழப்பும் நார்ச்சத்தும்தான் பெரிய காரணம். அவர்கள் சாப்பிடுவது முள் குறைந்த, தோட்டத்தில் வளர்த்த இனம். நம் வேலியில் நிற்பது பெரும்பாலும் வேறு இனம். 1926இல் ஒரு மாவுப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் தென்னாட்டில் அதன் பெருக்கத்தை அடக்க வேண்டியிருந்தது. பெரிய முள்ளை வெட்டிவிடலாம். மயிர்போல இருக்கும் சுணைமுள் நாக்கிலும் தொண்டையிலும் ஏறினால் எடுக்க முடியாது. கள்ளிப்பழத்தைத் தின்று நாக்கைத் துருத்திக்கொண்டு வரும் பிள்ளைகளைக் கோடைதோறும் பார்க்கிறேன்.

அதைவிட அபாயம், கள்ளி என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டு இலைக்கள்ளியையும் திருகுகள்ளியையும் ஒடிப்பது. ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் வடிந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். அந்தப் பால் வாயைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சப்பாத்திக்கள்ளியை வெட்டினால் பால் வராது, நிறமில்லாத பசைதான் வரும். இந்த ஒரு வேறுபாட்டை எங்கள் ஊர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கேட்கிற எல்லா இடத்திலும் சொல்வேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறேன். மணல்வெளியில் படரும் பேய்க்குமட்டி, தார் பாலையிலும் உண்டு, எங்கள் கடற்கரையிலும் உண்டு. பந்துபோலக் காய்த்துக் கிடக்கும். நாக்கில் வைத்தால் கசப்பு மண்டையில் ஏறும். சர்க்கரைக்கு அதன் சாறு என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குடித்தவர்களுக்கு ரத்தமாகப் பேதியாகும். முறையான சுத்தியும் அளவும் தெரிந்த மருத்துவர் கையைத் தவிர வேறெங்கும் அதற்கு இடமில்லை.

ஆவாரை அப்படியல்ல. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அந்த மஞ்சள் பூவை என் கையால் நிழலில் உலர்த்தி வைக்கிறேன். கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டையோடு சேரும் ஆவாரைக் குடிநீரை மதுமேகத்துக்கு, அதாவது சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிறேன். தாகம், உடல் எரிச்சல், சோர்வு தணிவதாக நோயாளிகள் சொல்கிறார்கள். விலங்குகளில் நடந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. மனிதர்களிடம் பெரிய அளவில் நடந்த சோதனைகள் இன்னும் வர வேண்டும், வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற சொலவடையை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டு வருகிறவர்களிடம் மட்டும் நான் கடுமையாகப் பேசுவேன். அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும். கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குடிநீரோ வெந்தயமோ புதிதாக ஆரம்பித்தால், அந்த மாதம் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். தாழ்சர்க்கரை வந்தால் வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும். மாத்திரையின் அளவைக் குறைப்பதானால் அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் குறைக்கட்டும்.

குக்குலுவைப் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கை தயங்குகிறது. கட்ச்சிலும் ராஜஸ்தானிலும் சிந்துவிலும் பாறை மண்ணில் நிற்கும் முள்மரம் அது. மழைக்காலத்தில் மட்டும் இலை விடும், மற்றக் காலமெல்லாம் மொட்டை. பட்டை காகிதம்போல உரியும். கீறினால் வரும் பிசின் பொன்னிறத்தில் துளித்துளியாக இறுகும், நெருப்பில் போட்டால் அறை முழுக்க மணக்கும். சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு மிகுந்த நோய்க்குச் சொல்லப்பட்டதை அடிப்படையாக வைத்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்தியவதி 1966இல் முயல்களிடம் சோதித்தார். ஒரு பழைய நூலின் வரியை எடுத்துச் சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்த அந்தத் துணிவு எனக்கு எப்போதும் வழிகாட்டி. பின்னாளில் அவர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் ஆனார். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பிசினிலிருந்து மருந்தே செய்தது.

2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிசினிலுள்ள குகுல்ஸ்டெரோன் கல்லீரலில் எந்தப் பூட்டைத் திறக்கவிடாமல் தடுக்கிறது என்றுகூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லோரும் நம்பிக்கையோடு இருந்தார்கள். அடுத்த ஆண்டே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கொழுப்பு கூடிய 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது, குக்குலு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். இறங்கவில்லை, சற்று ஏறியது. சிலருக்கு உடம்பெல்லாம் தடித்தது. உணவுப் பழக்கம் வேறு, உடல்வாகு வேறு என்று நம்மவர்கள் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். அதை இங்கே, இதே கட்டுப்பாட்டோடு சோதித்து நிறுவும்வரை என் நோயாளியின் ரத்தக்குழாயை வைத்து நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

மரத்தின் நிலை இன்னும் மோசம். பிசின் எடுக்கும் பருவத்துக்கு வளரவே பத்தாண்டு போலாகும். நிறையப் பிசின் வேண்டுமென்று ஆழமாகக் கீறி, கீறலில் ரசாயனக் கலவை பூசுகிறார்கள். அந்தப் பருவத்தில் பிசின் கொட்டும், பிறகு மரமே பட்டுப்போகும். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் குக்குலு இன்று மிக உச்சமான அழிவு அபாயத்தில் நிற்கும் இனங்களில் ஒன்று. கொழுப்புக்குக் குக்குலு மாத்திரை எழுதித் தாருங்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் இசப்கோலும் வெந்தயமும்தான் எழுதுகிறேன். இவை இரண்டும் ஒரே பருவத்தில் விதைத்து அறுப்பவை, அடுத்த ஆண்டு மறுபடி முளைப்பவை. மூட்டு நோய்க்கான பழைய கூட்டு மருந்து ஒன்றிரண்டில் மட்டும் குக்குலு தவிர்க்க முடியாமல் வருகிறது. அதற்கு வாங்கும்போது, நட்டு வளர்த்த தோட்டத்திலிருந்து வந்ததா, காட்டிலிருந்து வந்ததா என்று நாட்டுமருந்துக் கடைக்காரரிடம் கேட்கிறேன். அவரும் இப்போது தனக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரியிடம் அதையே கேட்க ஆரம்பித்திருக்கிறார்.